பாதி வழியில் நின்றுவிடும் அப்பாவின் ஸ்கூட்டர்

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. நீரிழிவு நோயால் இடது காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள், அதிக தூரம் நடக்க முடியாது. சிங்கப்பூரில், ஈசூனில் எங்களோடு இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அவருக்கு நான்கு சக்கர மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். காலையில் சந்தைக்குப் போய், காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடுவார். சில மாதங்களாக, போகும்போது ஒழுங்காக ஓடும் வண்டி, திரும்பும்போது எங்கள் புளோக்குக்கு முன்னால் உள்ள சாய்தளத்தில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மறுபடியும் ஓடுகிறது. முன்பெல்லாம் சார்ஜ் ஏற ஏழெட்டு மணி நேரம் ஆகும். இப்போது இரண்டு மணி நேரத்திலேயே பச்சை விளக்கு வந்துவிடுகிறது, அதனால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கும்போது சொன்னபடி, சிவப்பு விளக்குக்கு வந்த பிறகுதான் சார்ஜ் போடுகிறோம். சில நாள் காலையில் சாவி போட்டதும் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு நகர மறுக்கிறது. போன வாரம் சாய்தளத்தில் நின்றபோது ஒருவர் உதவிக்கு வந்து, பின்னால் இருந்த லீவரை மாற்றிவிட்டுத் தள்ளினார். வண்டி பின்னோக்கி உருண்டது. நல்லவேளை, அவர் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா வெளியே போகவே தயங்குகிறார். பழுதுபார்க்கும் கடையில் கன்ட்ரோலரை மாற்ற வேண்டும், 600 வெள்ளிக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா, புது வண்டியே வாங்கிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கன்ட்ரோலரை, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை, இப்போது மாற்ற வேண்டாம். புது வண்டியும் வேண்டாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள். 'அதனால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டு மணி நேரம் ஆன சார்ஜ் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது என்றால் அது நல்ல செய்தி இல்லை. தூர்ந்துபோன குளம் ஒரே மழையில் நிரம்பிவிடும். நிரம்பியது உண்மைதான், ஆனால் கொள்ளளவு போய்விட்டது.

உங்கள் அப்பாவின் வண்டி போன்றவற்றில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். சீட்டைக் கழற்றி, கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இவை முழுக்க மூடிய ஈய-அமில பேட்டரிகள், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல், சார்ஜ் குறைந்த நிலையில் கிடக்கும்போதெல்லாம் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். நாள் கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டு அப்படியே நின்றுவிடும். அது படிந்த அளவுக்குத் தகடு வேலை செய்யாது. அப்படிப்பட்ட பேட்டரியில் சார்ஜர் மின்சாரத்தைச் செலுத்தியதும் வோல்டேஜ் விறுவிறுவென்று ஏறிவிடும். சார்ஜர் பார்ப்பது வோல்டேஜையும் உள்ளே போகும் மின்னோட்டத்தையும்தான். வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டு மின்னோட்டம் குறைந்ததும் வேலை முடிந்தது என்று பச்சை விளக்கைப் போட்டுவிடுகிறது. எத்தனை கிலோமீட்டருக்கான சக்தி உள்ளே போயிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கைப்பிடியில் இருக்கும் பேட்டரி மீட்டரும் வோல்டேஜைத்தான் காட்டுகிறது, அதனால் காலையில் கிளம்பும்போது அதுவும் முழுசாகத்தான் தெரியும்.

இப்போது சாய்தளத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பொதுவாக 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது கட்டட விதி. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிறோம். பார்வைக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் வண்டியும் ஆளுமாக 130 கிலோவை அந்தச் சரிவில் ஏற்ற, சமதளத்தில் இழுக்கும் மின்சாரத்தைப் போல மூன்று நான்கு மடங்கை மோட்டார் கேட்கும். நல்ல பேட்டரி கொடுத்துவிடும். களைத்த பேட்டரியில் அந்த நேரத்தில் வோல்டேஜ் சடாரென்று இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் கன்ட்ரோலர் தானாக வண்டியை நிறுத்திவிடும், அது அதன் கடமை. நின்ற பிறகு சுமை இல்லாததால் வோல்டேஜ் மெல்ல மேலே வருகிறது. பத்து நிமிடத்தில் ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனால் மறுபடி நிற்கும். நீங்கள் சொன்ன கதை இதுதான். கன்ட்ரோலர் கெட்டிருந்தால் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே படுத்துவிடும், போகும்போது ஓடி வரும்போது நிற்காது.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தால் ஓடும் கோளாறு இன்னொன்றும் உண்டு, சூடு. மோட்டாரோ கன்ட்ரோலரோ அளவுக்கு மேல் சூடானாலும் வண்டி நிற்கும், ஆறினால் ஓடும். கடைக்காரர் இதை மனத்தில் வைத்துத்தான் கன்ட்ரோலர் என்றாரோ என்னவோ. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நிற்கும் அந்த நொடியில் மீட்டர் எங்கே இருக்கிறது என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் அல்லது விளக்கு சிவப்புக்கு விழுந்து, நின்றதும் மெல்ல மேலே ஏறினால் பேட்டரி. மீட்டர் பச்சையிலேயே நிற்க, பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள மோட்டார் உறை கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், சூட்டுக் கோளாறு. அப்போது பிரேக் முழுக்க விடாமல் உரசிக்கொண்டு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் சமதளத்தில், ஆள் இல்லாமல், பின்னால் உள்ள லீவரை நியூட்ரலில் (பிரேக் விடுபட்ட நிலையில்) போட்டுத் தள்ளிப் பாருங்கள். வண்டி லேசாக உருள வேண்டும். முக்கி முனகித் தள்ள வேண்டியிருந்தால் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், வண்டி நிற்கும்போது விளக்கு சிமிட்டினால் எத்தனை தடவை என்று அப்பாவை எண்ணச் சொல்லுங்கள். கோளாறு வந்தால் இந்த வண்டிகள் விளக்கைச் சிமிட்டியோ பீப் ஒலித்தோ எண் மூலம் காரணம் சொல்லும். சில சிமிட்டல், ஓர் இடைவெளி, மறுபடி அதே எண்ணிக்கை என்று வரும். நான் பார்க்கும் வண்டிகளில் ஒரு சிமிட்டல் என்றால் பேட்டரி. மற்ற எண்களில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. பிரேக் இணைப்புக் கோளாறு 'பிஜி எஸ்-டிரைவ்' கன்ட்ரோலரில் 9, 'டைனமிக் ரைனோ'வில் 5. ஆகவே இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலை நம்பாமல், உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் 'நின்றுவிட்டது' என்று சொல்வதைவிட 'இத்தனை தடவை சிமிட்டியது' என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும், விலை குறைந்ததே சரியாகக் காட்டும். அதை நேர்மின்னோட்ட வோல்டேஜ் அளவில் வையுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு தங்க வளையல் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுடும்.

முழுக்க சார்ஜ் ஏற்றி, பிளக்கை எடுத்துவிட்டு, சாவியை அணைத்து, மூன்று நான்கு மணி நேரம் சும்மா விடுங்கள். எடுத்த உடனே அளந்தால் மேலோட்டமான வோல்டேஜ்தான் தெரியும், ஏமாந்துவிடுவோம். பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரி 12.7க்கு மேல் காட்டும். மறுபடி எல்லாவற்றையும் பூட்டி, யாராவது கூடவே நடக்க, சமதளத்தில் மட்டும் அப்பா இருபது நிமிடம் ஓட்டட்டும். வந்த உடனே, ஆறவிடாமல், திரும்ப அளந்து பாருங்கள். இரண்டும் 12.4, 12.5 என்று ஒன்றுபோல் இறங்கியிருந்தால் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஒன்று 12.4, மற்றது 11.7 என்று வந்தால் திருடன் அகப்பட்டான். வரிசை இணைப்பில் பலவீனமான ஒன்று மற்றதையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். இரண்டுமே 12க்குக் கீழே வந்திருந்தால் இரண்டும் போய்விட்டன.

அளக்கும்போதே இணைப்புகளையும் உற்றுப் பாருங்கள். இந்த ஊர் ஈரக் காற்றில் பேட்டரி முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருப்பது சகஜம். போல்ட்டைக் கையால் அசைத்தால் அசையக் கூடாது. வயர் பிளக்குகளைப் பிரித்து உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைப் பாருங்கள். கறுத்து, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தால், ஏற்றத்தில் நிற்பதற்கு அந்த ஒரு பிளக்கே போதுமான காரணம். அதிக மின்சாரம் ஓடும்போது அந்த இடத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும், மீட்டரில் பேட்டரி கெட்டது போலவே தெரியும். பேட்டரி இரண்டும் நன்றாக இருந்தும் வண்டி நிற்கிறது என்றால் என் கை முதலில் அங்கேதான் போகும். உருகிய பிளக்கைச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டாம், மாற்றிவிடச் சொல்லுங்கள்.

மூன்று ஆண்டுகள் என்கிறீர்கள், அதுவும் இந்த வெக்கையில். ஈய-அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியைக் கணக்கில் வைத்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே பேட்டரி போயிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அதைச் சீக்கிரம் கொன்றது அந்த 'சிவப்புக்கு வந்த பிறகு சார்ஜ் போடு' என்ற அறிவுரைதான். இதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம் அது. ஈய-அமில பேட்டரிக்கு நேர் எதிரான முறை வேண்டும். சந்தைக்குப் போய் வந்தாலும் சரி, கீழே காப்பிக்கடை வரைக்கும் போய் வந்தாலும் சரி, வந்ததும் சார்ஜ் போட்டுவிட வேண்டும். எவ்வளவு குறைவாக இறங்கவிடுகிறீர்களோ அவ்வளவு நாள் வரும்.

அப்பா பத்து மணிக்கு வந்துவிடுகிறார் என்பது இதற்கு மிகவும் வசதி. வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டுச் சார்ஜில் போடுங்கள், இரவு படுப்பதற்குள் முடிந்துவிடும். எல்லாரும் தூங்கும்போது சார்ஜ் ஏற வேண்டியதில்லை. வாசல் கதவை ஒட்டியும் போடாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் வெளியே ஓட வேண்டிய வழி அது, அப்பாவால் ஓடவும் முடியாது. புது பேட்டரி போட்ட பிறகு 12, 14 மணி நேரம் ஆகியும் பச்சை வரவில்லை, ஒரு பேட்டரி மட்டும் தொட்டால் சுடுகிறது, பக்கவாட்டில் உப்பியிருக்கிறது என்றால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். அதையே தொடர்ந்து சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். புகை வந்தால் அருகே போகாமல், அப்பாவை வெளியே கூட்டிவந்து 995ஐ அழையுங்கள்.

மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். 'ஒன்றுதானே போயிருக்கிறது' என்று ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சில மாதங்களில் கெடுத்துவிடும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு), முடிந்தால் ஒரே தயாரிப்பு மாதம். கார் பேட்டரி, அலாரம் பேட்டரி, யுபிஎஸ் பேட்டரி எதுவும் அளவில் பொருந்தலாம், ஆனால் தினமும் இறங்கி ஏறும் உழைப்பை அவை தாங்காது. சக்கர நாற்காலிக்கென்றே தயாரித்த டீப் சைக்கிள் பேட்டரி கேளுங்கள். யாராவது எடை குறையும் என்று லித்தியம் போடச் சொன்னால், சார்ஜரையும் சேர்த்து மாற்றித் தருகிறார்களா, வண்டி கம்பெனி அதை ஏற்கிறதா என்று கேளுங்கள். ஈய-அமில சார்ஜரில் லித்தியம் பேட்டரியைப் போடுவது தீ விபத்துக்கு வழி. பழைய பேட்டரிகளைக் குப்பைக் குழாயடியில் வைத்துவிடாமல் புதியதைப் போடும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன.

காலை 'பீப் பீப்' விஷயம் வேறு. அதற்கும் சாய்தளத்துக்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறேன். ஒருநாள் காலையில், உதவிக்குப் போகாமல், அப்பா வண்டியில் ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். கால் பலமில்லாதவர்கள் பலரும் கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்து உட்காருவார்கள். உட்கார்ந்த பிறகும் ஒரு கை அங்கேயே இருக்கும், கட்டைவிரல் ஆக்சிலரேட்டர் லீவரின் மேல் லேசாக அழுந்தியிருக்கும். அந்த நிலையில் மற்ற கையால் சாவியைத் திருப்பினால் வண்டி நகராது. சாவி போடும்போது லீவர் நடுவில் இருக்கிறதா என்று கன்ட்ரோலர் முதலில் பார்க்கும். இல்லையென்றால், ஆள் உட்காருவதற்குள் வண்டி பாய்ந்துவிடக் கூடாதே என்று பூட்டிவிடும். நீரிழிவில் விரல் நுனி மரத்துப் போயிருந்தால் தான் அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. சாவியை அணைத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

கையை எடுத்தும் கத்தினால் மூன்று இடங்களைப் பாருங்கள். பின்னால் இருக்கும் நியூட்ரல் லீவர் முழுக்க ஓட்டும் நிலைக்கு வந்திருக்க வேண்டும், பாதியில் நின்றாலும் வண்டி நகராது. சார்ஜர் பிளக் இன்னும் மாட்டியிருக்கிறதா? மாட்டியிருந்தால் ஓடக் கூடாது என்றே அமைத்திருக்கிறார்கள். மாட்டவில்லை என்றாலும், மழை நனைந்த துளையில் ஈரம் நின்றாலோ உள்ளே ஊசி வளைந்திருந்தாலோ சார்ஜர் மாட்டியிருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். டார்ச் அடித்துப் பாருங்கள், ரப்பர் மூடி தொலைந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். மூன்றாவது, ஆக்சிலரேட்டர் லீவரை அழுத்தி விட்டால் அது தானாக நடுவுக்குத் துள்ளி வருகிறதா? மந்தமாக வந்தால் ஸ்பிரிங்கோ அதன் அடியில் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பாகமோ தேய்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும். அதற்காகவும் முழு கன்ட்ரோலரை மாற்ற வேண்டியதில்லை. சாவி போட்டும் விளக்கே வராமல் வண்டி செத்துக் கிடந்தால் பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானைப் பாருங்கள். சர்க்யூட் பிரேக்கர் அது. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் பொறுத்து உள்ளே அழுத்தலாம். திரும்பத் திரும்ப வெளியே வந்தால் கட்டி வைக்காதீர்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது.

இனி, பின்னால் இருக்கும் அந்த நியூட்ரல் லீவர். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது அந்த வரிதான்.

இந்த வண்டிகளில் பிரேக் மின்காந்த பிரேக். மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். நகரத் தொடங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது பிரேக் விடும் சத்தம். பேட்டரி சுத்தமாகத் தீர்ந்தாலும், சாவியைப் பிடுங்கினாலும், சாய்தளத்தின் நடுவில் வண்டி நின்றால் அப்படியே நிற்கும். அது ஆபத்தான நிலை போலத் தோன்றும், உண்மையில் அப்போதுதான் வண்டி பாதுகாப்பாக இருக்கிறது. பின்னால் இருக்கும் லீவரை நியூட்ரலுக்கு மாற்றியதும் அந்த ஸ்பிரிங்கைக் கையாலேயே விலக்கிவிடுகிறோம். அப்புறம் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. 130 கிலோ சரிவில் உருண்டால் ஒருவரால் தாங்க முடியாது. உதவிக்கு வந்தவர் நல்ல மனத்தோடுதான் செய்தார், தெரியாமல் செய்தார். அப்பா உட்கார்ந்திருக்கும்போது, சரிவில், யார் சொன்னாலும் அந்த லீவரைத் தொடவிடக் கூடாது. லீவருக்குப் பக்கத்தில் 'சரிவில் தொடாதீர்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு ஸ்டிக்கர் எழுதி ஒட்டுங்கள், மறக்காமல் ஒட்டுங்கள்.

மறுபடி சாய்தளத்தில் நின்றால் அப்பா செய்ய வேண்டியது இதுதான்: சாவியை அணைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்து, உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். சரிவில் திருப்ப முயலக் கூடாது, பக்கவாட்டில் கவிழ்வது அப்போதுதான். பத்து நிமிடம் கழித்து, ஒருவர் பின்னால் நிற்க, ஆமையும் முயலும் படம் போட்ட வேகக் குமிழை நடுவுக்கும் கீழே வைத்து, நேராக, நிற்காமல் ஏறலாம். கூடையில் சந்தைச் சாமான் இருந்தால் அதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால், அவரை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்த பிறகு, இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளலாம். ஆள் இல்லாத வண்டியை நியூட்ரலில் தள்ளுவதில் தப்பில்லை, சமதளத்துக்கு வந்ததும் லீவரைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். பேட்டரி மாற்றும்வரை அந்தச் சாய்தளப் பக்கம் தனியாகப் போகவே வேண்டாம்.

சின்ன விஷயங்கள் இரண்டு. காற்றடைத்த டயர் என்றால் மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள், அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயரோடு ஓடினால் புது பேட்டரியும் பாதி வழியில் களைத்துவிடும். வண்டி வெட்டி வெட்டி ஓடுகிறது, மோட்டார் பக்கம் தீய்ந்த வாடை வருகிறது என்றால் மோட்டாருக்குள் உள்ள கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அது மலிவான பாகம், முழு மோட்டாரை மாற்றச் சொன்னால் முதலில் பிரஷ்ஷைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

குடும்பத்தோடு ஊருக்குப் போய் ஒன்றிரண்டு மாதம் தங்கிவிட்டு வருவதுண்டா? அப்படியானால் போவதற்கு முன் முழுக்க சார்ஜ் ஏற்றி, பேட்டரி இணைப்பைப் பிரித்து வையுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவர் இருந்தால் மாதம் ஒருமுறை இணைத்துச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். பயன்படுத்தாமல் காலியாகக் கிடந்து செத்த பேட்டரிகள்தான் என் பட்டறை மூலையில் அதிகம்.

கடைக்குப் போகும்போது, கன்ட்ரோலரை மாற்றுவதற்கு முன் பேட்டரியைச் சுமை வைத்து, அதாவது அதிலிருந்து மின்சாரத்தை இழுத்தபடி, சோதித்து இரண்டின் அளவையும் காட்டும்படி கேளுங்கள். சும்மா மீட்டர் வைத்து '25 வோல்ட் இருக்கிறது, பேட்டரி நல்லது' என்று சொன்னால் அது போதாது. சுமை இல்லாமல் செத்த பேட்டரிகூட 25 காட்டும். சோதிக்க மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள். வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொதுப் பாதையில் இந்த வண்டிகளுக்கு வேக வரம்பு இருக்கிறது, கூட்டினால் பேட்டரிக்கும் கேடு, அப்பாவுக்கும் ஆபத்து.

பேட்டரி மாறிய பிறகு முதல் இரண்டு மூன்று நாள் நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ அவரோடு சாய்தளம் வரை நடந்து போங்கள். பயந்த மனிதருக்கு 'சரியாகிவிட்டது' என்று வாயால் சொன்னால் போதாது, தானே ஏறிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சந்தையும் காப்பிக்கடைப் பேச்சும் அவருக்கு மருந்து மாதிரி வேண்டியவை, அவற்றை ஒரு பேட்டரிக்காக விட்டுவிடக் கூடாது.

சோதனை செய்ததும், ஓட்டுவதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு, நின்றபோது எண்ணிய சிமிட்டல், பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணி ஆகியவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள். இரண்டு பேட்டரியும் நல்லது என்று வந்து, பிளக்கும் சுத்தமாக இருந்து, அப்போதும் வண்டி நின்றால், கன்ட்ரோலரைப் பற்றி அப்போது பேசலாம்.